பிரயாகையில் விட்டு வந்த பூவாத்தாள்

என் பெயர் நாச்சம்மாள். வயது நாற்பத்தெட்டு. காலஞ்சென்ற செங்கோட்டையனின் மனைவி. பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா, வடகரப்பதியில் சொந்தக் காட்டில் நிலக்கடலையும் சோளமும் போட்டு ஜீவனம் செய்கிறேன். எனக்குப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவேன். யாத்திரை வழிகாட்டி ஆறுமுகசாமி என் பேரில் கொடுத்திருக்கும் புகார் எனக்குப் படித்துச் சொல்லப்பட்டது. வாளையார் செக்போஸ்டில் நான் அவரைக் காசிச் செம்பால் முகத்தில் அடித்ததாகவும், பஸ்ஸை மறித்து லாரிகளைத் தேங்க வைத்ததாகவும், புனிதமான கங்கைத் தண்ணீரைத் தார் ரோட்டில் கொட்டி அவமதித்ததாகவும் அதில் எழுதியிருக்கிறது. மூன்றும் நடந்தவைதான். ஆனால் அந்தப் புகாரில் பூவாத்தாள் என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை. அதனால் நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

பூவாத்தாள் என் நாத்தனார், என் கணவரின் கூடப்பிறந்த தங்கை. அண்ணன் மனைவி என்பதால் என்னை நங்கையா என்று கூப்பிடுவாள். எங்கள் ஊரிலேயே கந்தப்பனுக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறது. என் கணவர் இறந்த பிறகு, பிரயாகையில் அவர் பேரைச் சொல்லி ஒரு முழுக்குப் போட வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்திருந்தோம். சென்ற மாசி மாதம், 1974-ம் வருஷம், பாலக்காட்டிலிருந்து காசி யாத்திரை பஸ் ஒன்று புறப்படுவதாகக் கேள்விப்பட்டு அதில் சேர்ந்தோம். பஸ்ஸை ஓட்டியவர் பாலக்காட்டைச் சேர்ந்த மூசா. வழிகாட்டியாக வந்தவர் இந்த ஆறுமுகசாமி.

ஆறுமுகசாமிக்கு நல்ல குரல். கையில் ஒரு மைக் வைத்துக்கொண்டு, வழியில் வந்த ஊருக்கெல்லாம் கதை சொல்லிக்கொண்டு வந்தார். காஞ்சிபுரத்தில் எந்த ராஜா எந்தக் கோபுரத்தைக் கட்டினான், காளஹஸ்தியில் கண்ணைப் பிடுங்கி அப்பிய வேடன் எந்தப் பக்கம் நின்றான் என்றெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவர் போலச் சொன்னார். பூவாத்தாள் முன் சீட்டில் உட்கார்ந்து வாய் திறந்தபடி கேட்பாள். காசியில் சந்துகளில் மாடு முட்டிவிடும் என்று பயந்து அவள் நின்றபோது, “நா இருக்கறனல்ல தங்கச்சி, வா” என்று சொல்லி ஆறுமுகசாமிதான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அதன் பிறகு அவள் அவரை அண்ணன் என்றே கூப்பிட்டாள்.

அதன் பிறகு பிரயாகைக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே எனக்குக் காய்ச்சல் கண்டு எழுந்திருக்க முடியவில்லை. பூவாத்தாள் என் நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டு, “நீங்க படுத்திருங்க நங்கையா, எங்கண்ணம் பேரச் சொல்லி நானே முழுக்குப் போட்டுட்டு வாறேன்” என்று சொன்னாள். நான் சத்திரத்தில் படுத்துக்கொண்டேன். அவள் மற்றவர்களுடன் பஸ்ஸில் போனாள்.

சாயங்காலம் பஸ் திரும்பி வந்தது. பூவாத்தாள் வரவில்லை. ஆறுமுகசாமி என் பாயின் அருகில் வந்து உட்கார்ந்து, அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்துவிட்டதாகவும், தெய்வாதீனமாகப் பொள்ளாச்சிக் குடும்பம் ஒன்று ரயிலில் ஊர் திரும்புவதைப் பார்த்து அவர்களோடு ஏற்றி அனுப்பியதாகவும், கந்தப்பனுக்குத் தந்தி கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். அவளுடைய பை பஸ்ஸிலேயே இருந்தது. “துணிமணிய உட்டுப்போட்டா போவாளுங்க?” என்று நான் கேட்டேன். “ரயில் பொறப்பட நின்னுதுங்க அம்மணி. பையப் பாக்கறதா, உசுரப் பாக்கறதா?” என்று சொன்னார். சொல்லும்போது என் கால்மாட்டில் விலகியிருந்த போர்வையை இழுத்து மூடிவிட்டார். நான் நம்பினேன்.

மறுநாள் விடிந்ததும் பஸ் புறப்பட்டது. அதன் பிறகு சித்திரகூடம் பார்த்தோம். அதன் பிறகு நாசிக்கில் பஞ்சவடிக்குப் போனோம். சீதையைத் தூக்கிக்கொண்டு போன இடம் என்று அங்கே ஒரு குகையைக் காட்டினார்கள். ஆறுமுகசாமி மைக்கை வாயருகில் வைத்துக்கொண்டு, ராமர் திரும்பி வந்து குடிசை காலியாக இருப்பதைப் பார்த்ததையும், மரத்திடமும் மானிடமும் ஆற்றிடமும் அவளைக் கண்டீர்களா என்று கேட்டுக்கொண்டு அலைந்ததையும் சொன்னார். சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன். பூவாத்தாள் இதைக் கேட்காமல் போய்விட்டாளே என்றுகூட அவரிடம் சொன்னேன். “ஊட்டுக்குப் போயி நீங்க சொல்லுங்க அம்மணி” என்றார். இதை அவர் எந்த வாயால் சொன்னாரோ அந்த வாயில்தான் நான் பின்னால் அடித்தேன்.

அதன் பிறகு பண்டரிபுரம், ஹம்பி, மைசூர் பார்த்துக்கொண்டு கோயம்புத்தூர் வழியாக வாளையாருக்கு வந்தோம். செக்போஸ்டில் பஸ் நிற்கும் என்று தெரிந்து உறவுக்காரர்கள் அங்கேயே வந்து காத்திருந்தார்கள். நான் காசிச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். கந்தப்பன் இரண்டு மாலைகளோடு நின்றிருந்தார். ஒன்றை என் கழுத்தில் போட்டார். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் வாசலையே பார்த்தார். எல்லோரும் இறங்கிய பிறகு, “ஏனுங்க அக்கா, அவ எங்கீங்க?” என்று கேட்டார்.

நான் அவள் வீட்டுக்கு வரவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். தந்தி வரவில்லையா என்று கேட்டேன். எந்தத் தந்தி என்றார்.

அதன் பிறகு நான் ஆறுமுகசாமியிடம் போனேன். அவர் பாலக்காடு போகும் ஆட்களை மறுபடியும் பஸ்ஸில் ஏறச் சொல்லிக்கொண்டிருந்தார். பூவாத்தாள் எங்கே என்று நான் கேட்டேன். முதலில் ரயில் தாமதம் என்றார். பிறகு பொள்ளாச்சிக்காரர்களைத்தான் கேட்க வேண்டும் என்றார். அந்தக் குடும்பத்தின் பெயர் என்ன என்று கேட்டேன், சொல்லத் தெரியவில்லை. கந்தப்பன் அவர் சட்டையைப் பிடித்தபோதுதான், “கூட்டத்துல காணாமப் போயிட்டா. நா என்ன பண்றதுங்க? ஒருத்திக்கோசரம் அத்தன பேரு யாத்திரையயும் நிறுத்த முடியுமா? நீங்களும் எல்லாக் கோயிலும் பாத்தீங்கல்ல?” என்றார்.

நான் செம்பால் அடித்தேன். அவருடைய முன்பல் ஒன்று விழுந்தது. செம்பின் அடைப்பு விட்டுத் தண்ணீர் ரோட்டில் ஓடியது. ஒரு பெரியவர் பதறிப்போய்க் குனிந்து அந்தத் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பூவாத்தாளைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

ஆறுமுகசாமி வாயைப் பொத்திக்கொண்டு பஸ்ஸில் ஏறி, “வண்டிய எடு மூசா” என்றார். நான் பஸ்ஸுக்கு முன்னால் போய் ரோட்டில் உட்கார்ந்துகொண்டேன். பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்தன. பஸ்ஸுக்குள் இருந்த ஓர் அம்மாள், “போனவ போயிட்டா, எங்கள ஊடு போய்ச் சேர உடு” என்று சத்தம் போட்டாள். அவள் என்னோடு ஒரே இலையில் பிரசாதம் பகிர்ந்து சாப்பிட்டவள்.

மூசா எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். சாவியை என் மடியில் போட்டார். “எங்கிட்டயும் ரயில்ல அனுப்பிச்சாச்சுன்னுதாம்மா சொன்னான். தெரிஞ்சிருந்தா அந்த ஊர்லருந்து சக்கரம் உருண்டிருக்காது. இத நீங்களே வெச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் நின்றுகொண்டார். போலீஸார் வந்து கேட்ட பிறகுதான் நான் எழுந்து சாவியைக் கொடுத்தேன். ஆகவே பஸ்ஸை மறித்ததில் மூசாவுக்குக் குற்றம் இருந்தால், அதை விட இரண்டு மடங்கு எனக்கு இருக்கிறது என்று எழுதிக்கொள்ளவும்.

அதன் பிறகு என்னை ஜாமீனில் விட்டார்கள். மூசா முன்பு வடக்கே லாரி ஓட்டியவர், இந்தி நன்றாகப் பேசுவார். கந்தப்பன் உதவி கேட்காமலேயே மூசா தானாக அவரோடு ரயிலேறிப் பிரயாகைக்குப் போனார். இருவரும் தேடிப் பூவாத்தாளைக் கண்டுபிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் உயிரோடு இருக்கிறாள். இதற்குப் பிறகு நான் சொல்வது பூவாத்தாளும் மூசாவும் எனக்குச் சொன்னது.

முழுக்குப் போட்ட பிறகு மற்றவர்கள் படகில் ஏறி நடு ஆற்றுக்குப் போயிருக்கிறார்கள். படகுக்குப் பயந்த இவளை எல்லோருடைய மூட்டைகளுக்கும் காவலாக உட்கார வைத்து, நானே வந்து கூட்டிப் போகிறேன், இடத்தை விட்டு நகராதே என்று ஆறுமுகசாமி சொல்லியிருக்கிறார். இவள் ஈரச்சேலையை மாற்றுவதற்காக, பக்கத்தில் பூ விற்ற ஒரு பெண்ணிடம் மூட்டைகளைச் சைகையால் காட்டிவிட்டு மறைவுக்குப் போயிருக்கிறாள். படகுகள் வேறு துறையில் கரை சேர்ந்ததால் ஆறுமுகசாமி ஒரு கூலியாளோடு மூட்டைகளை எடுக்க வந்திருக்கிறார். சேலை மாற்றப் போயிருக்கிறாள் என்று பூக்காரி கைகாட்டிச் சொல்லியிருக்கிறாள். அவர் கூலியாள் தலையில் மூட்டைகளை ஏற்றிவிட்டுப் போய்விட்டார். ஒரு சேலை கட்டும் நேரம் அவரால் நிற்க முடியவில்லை. பூக்காரி இதை மூசாவிடம் இந்தியில் சொல்லியிருக்கிறாள். மூசா சாட்சி சொல்வார்.

அண்ணன் வருவார் என்று நம்பிப் பூவாத்தாள் அந்த இடத்திலேயே இருந்திருக்கிறாள். அந்தப் பூக்காரிதான் தன் குடிசையில் படுக்க வைத்து ரொட்டி கொடுத்திருக்கிறாள். பொழுது விடிந்தால் இவள் அதே இடத்துக்கு வந்து உட்கார்ந்து, வேட்டி கட்டியவர்களைக் கண்டால் எல்லாம், “ஏனுங்க, பாலக்காட்டு பஸ்ஸுங்களா?” என்று கூப்பிட்டிருக்கிறாள். கந்தப்பன் போய் முன்னால் நின்றபோது, அவரிடமும் அதையே கேட்டிருக்கிறாள்.

கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்குத் தொண்டை கட்டி, இப்போது குரல் சரியாக எழும்புவதில்லை. வீட்டுக்கு வந்த அன்று என்னைப் பார்த்து, “அப்பறம் எங்கெங்க போனீங்க நங்கையா?” என்று கேட்டாள். சித்திரகூடம் என்றேன். பஞ்சவடி என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு ஆறுமுகசாமி சார்பில் இரண்டு பேர் தட்டில் பழம் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். அவள்தான் திரும்பி வந்துவிட்டாளே, அவரும் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வார், நானும் புகார் கொடுக்காமல் இருந்துவிடலாம், அடுத்த யாத்திரைக்கு ஆள் சேர்க்க வேண்டியிருக்கிறது என்றார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். ஆறுமுகசாமி பேரில் நான் கொடுக்கும் புகாரை இதோடு சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். கரையில் விட்டது ஒன்று, அன்று சாயங்காலமே சொல்லாமல் மறைத்தது இன்னொன்று. முதலாவதை அவசரம் என்று சொல்லலாம். இரண்டாவதை ஒவ்வொரு ஊரிலும் புதிதாகச் செய்துகொண்டு வந்தார்.

ஆத்திரத்தில் புத்தி தடுமாறி அடித்துவிட்டேன் என்று சொன்னால் தண்டனை குறையும் என்று வக்கீல் ஒருவர் சொன்னார். அது உண்மையில்லை. யாரை அடிக்கிறேன், எதற்கு அடிக்கிறேன், கையில் இருப்பது என்ன தண்ணீர் என்று எனக்குத் தெரியும். என் புத்தி தெளிவாக இருந்தது.

மேற்கண்டவை நான் என் வாயால் தமிழில் சொல்லி, தமிழிலேயே எழுதப்பட்டு, எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. ஓரிடத்தில் “தன்னிலை மறந்து” என்று எழுதியிருந்ததை நான் சொல்லிக் கோடு போட்டு அடிக்க வைத்தேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நிஜம்.

(ஒப்பம்) நாச்சம்மாள்