பதினேழாம் நம்பர் வண்டியின் பச்சை

ஒரு கண்ணின் விலை நான்கு லட்சத்து அறுபதாயிரம், வரி தனி. மெட்ராஸிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்தவர் அப்படித்தான் சொன்னார். "இது சாப்ட்வேர் இல்ல சார், உங்க கம்பெனிக்குக் கண்ணு." திருச்சிக்காரர் அதே கண்ணை ஒன்றே முக்கால் லட்சத்துக்குத் தருகிறேன் என்றார். நான் மாட்டுத் தரகர் மகன். கண்ணென்ன, சூரியனுக்கே விலை சொன்னாலும் முதலில் பாதிக்குத்தான் கேட்பேன்.

திருச்சிச் சரக்கை ஏன் எடுத்தேன் என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் அய்யா. சொல்கிறேன். எழுதுகிறவரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள். எனக்கு அவசரமில்லை.

எங்கள் முதலாளி உத்திராபதிக்கு நாற்பத்தொரு டிப்பர். அரியலூர்ச் சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஓட்டுகிறோம். பதினோரு வருஷமாக நான் மேனேஜர். டீசல் ஒரு நோட்டில், டயர் ஒரு நோட்டில், நடைக் கணக்கு ஒன்றில், ஷெட் புகார் ஒன்றில் என்று ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி மகள் பரிமளா திருச்சியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, எல்லாவற்றையும் ஒரே திரையில் படமாகப் பார்க்க வேண்டும் என்று நின்றது. முதலாளிக்கும் ஆசை வந்துவிட்டது.

"எனக்கு ஒரே பார்வையில தெரியணும்யா அய்யம்பெருமாளு. பச்சைன்னா ஓடுது, செவப்புன்னா நிக்குது. அம்புட்டுதான். மாட்டுக்குப் பல்லப் புடிச்சுப் பார்த்த பரம்பரை நீ. இதுக்கும் பல்லப் பாரு."

பார்த்தேன்.

மெட்ராஸ்காரர் முதலில் வந்தார். எங்கள் மூன்று மாதக் கணக்கையே ஏற்றி ஓட்டிக் காட்டினார். முதலாளி போன் பேச வெளியே போயிருந்தார். அந்த ஆள் பதினேழாம் நம்பர் வண்டியை ஒரு தட்டுத் தட்டினார். பிரேக் புகார் ஏழு என்று வந்தது. இன்னொரு தட்டில், பார்த்த வேலை பூஜ்யம். மூன்றாவது தட்டில், 'பிறகு பார்க்கலாம்' என்ற வரியும் அதன் கீழே என் பெயரும். ஏழு தடவை.

வாசலில் ஷெட் மேஸ்திரி வேம்பு, கையைப் பஞ்சில் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"பாத்தீங்களா மேனேஜரய்யா? நான் நோட்டுல எழுதுனா கிறுக்கலுங்கிறீங்க. பொட்டியில வந்தா நெசமாயிடுது பாருங்க."

மெட்ராஸ்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்குக் கோபமே வராது என்று ஊரில் பெயர். வரும். சிரித்துக்கொண்டேதான் வரும்.

ஏன் தள்ளிப்போட்டேன் என்று கேட்பீர்கள். பிரேக்கைப் பிரித்தால் வண்டி இரண்டு நாள் ஷெட்டில் கிடக்கும். பதினாறு நடை போச்சு. நடை குறைந்த மாதத்தை ஆலைக்காரன் மறக்கமாட்டான். அடுத்த ஒப்பந்தம் வேறு ஆளுக்குப் போகும். நடை குறையாது என்று முதலாளியிடம் வாக்குக் கொடுத்தவன் நான். அந்த நாற்காலி அந்த வாக்கின் மேல்தான் நின்றது. அது பெடலை மிதித்துப் பார்க்கிறவனுக்குப் புரியாது.

மறுவாரம் திருச்சிக்காரர் வந்தார். அவர் சரக்கில் உள்ளே இறங்கிப் பார்க்க வழியே கிடையாது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கட்டம், மூன்று நிறம், அவ்வளவுதான். நான் ஒரே ஒரு விஷயம்தான் விசாரித்தேன்.

"எத்தனை புகார் வந்தா செவப்புங்கிற அளவை யாரு வைப்பாங்க?"

"நீங்கதான் சார்."

"மாத்தலாமா?"

"எப்ப வேணும்னாலும். மாத்துனீங்கன்னா பழைய நாளெல்லாம்கூட புது அளவுக்கு நிறம் மாறிக்கும்."

சந்தையில் மாட்டு விலையைத் துண்டுக்குள் விரல் பிடித்துத்தான் பேசுவார்கள். சுற்றி நிற்கிறவனுக்குத் துண்டு மட்டும்தான் தெரியும். துண்டோடு செய்த கம்ப்யூட்டர் ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒன்றரைக்கு முடித்தேன்.

பரிமளா சண்டை போட்டது. "அண்ணே, இது வெறும் கலர் பொம்மைண்ணே. ஏன் பச்சைன்னு கேட்டா பதில் சொல்லாது."

"மூணு லட்சம் மிச்சம்மா," என்றேன். முதலாளி அதற்குமேல் எதையும் கேட்கவில்லை.

தை மாதம் வேலையை ஆரம்பித்தோம். பன்னிரண்டு புகாருக்குச் சிவப்பு என்று வைத்தேன். ஏழு புகாரோடு பதினேழாம் நம்பர் பச்சையாக ஓடியது. மாசியில் புகார் பதினொன்று ஆனதும், அளவை இருபதுக்கு ஏற்றினேன். இதில் திருட்டு ஒன்றுமில்லை. அளவு வைப்பது என் வேலை.

வைகாசி கடைசியில் ஒரு காலை, வேம்பு அந்த வண்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார். டிரைவர், லோடுமேன் என்று இருபது பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

"இந்த வண்டி போவாதுங்க. மிதிச்சா பெடலு அடிவரைக்கும் போவுது."

ஆபீசுக்குள் அழைத்துப்போய்த் திரையைக் காட்டினேன். "என்ன கலரு?"

"பச்சை உங்க பொட்டியிலங்க. பெடலு என் காலுக்குக் கீழ இருக்கு."

வெளியே எவனோ சிரித்தான். எனக்குக் கோபம் வந்தது, எழுதிக்கொள்ளுங்கள். பதினோரு வருஷம் இந்தக் கம்பெனியை நான் சுமக்கிறேன். ஒரு கிரீஸ் கைக்காரர் என்னைப் பார்த்து நாலு பேரைச் சிரிக்க வைக்கிறார். குரலை உயர்த்தவில்லை. "சாவியக் குடு. இல்லன்னா நாளையிலேருந்து வேற ஷெட்டப் பாரு," என்றேன். அவருக்கு இரண்டு பெண்கள், இரண்டும் படிக்கின்றன. அது தெரிந்துதான் சொன்னேன். சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அதை எடுத்து டிரைவர் கண்ணையன் கையில் கொடுத்தவன் நான்.

"வண்டி சரியா இருக்காண்ணே? மேஸ்திரி என்னமோ சொல்றாரே."

"பச்சைடா. போ."

பத்து இருபதுக்கு, ஜெயங்கொண்டம் ரோட்டுச் சரிவில், வண்டி பஸ் ஸ்டாப்பில் ஏறியது. முந்திரி உடைக்கப் போகிற பெண்கள் டவுன் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். உங்களிடம் போட்டோ இருக்கிறது. நான் விவரிக்க வேண்டாம்.

வேம்பு ரோட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுததாகச் சொன்னார்கள். நான் ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டு, சிவப்புக்கான அளவை இருபதிலிருந்து ஐந்தாக்கினேன். தையிலிருந்து அன்றுவரை பதினேழாம் நம்பரின் எல்லா நாளும் ஒரே நொடியில் சிவந்தது. அச்செடுத்து உங்களிடம் கொடுத்து, "சிவப்பு காட்டிய வண்டியை மேஸ்திரி வெளியே விட்டிருக்கிறார்," என்றேன். நீங்கள் நம்பினீர்கள். நல்ல கலர் பிரிண்ட் அது. ஷெட் நோட்டு அன்று சாயந்திரம் வெந்நீர் அடுப்புக்குப் போயிற்று. வேம்பு பதினோரு நாள் உங்கள் காவலில் இருந்தார். தன் நோட்டைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

கம்பியை நான் மறந்துவிட்டேன்.

முதலாளிக்குத் திரை மேல் நம்பிக்கை இல்லை. தினமும் காலையில் அந்தக் கலர்க் கட்டங்களைத் தாளில் எடுக்கச் சொல்லி, மூலையில் மஞ்சள் தடவி, பிள்ளையார் படத்துக்குக் காட்டிவிட்டு, நாற்காலிக்குப் பின்னால் தொங்கும் பில் கம்பியில் குத்திவிடுவார். அவர் அப்பா மளிகைக் கடையில் செய்த பழக்கம். பரிமளா அந்தக் கம்பியை இறக்கி, தாள்களைத் தரையில் பரப்பி, நீங்கள் வாங்கிப்போன அச்சின் நகலோடு தேதி தேதியாக ஒப்பிட்டது. பதினேழாம் நம்பர், நூற்று முப்பத்தொரு தாளிலும் பச்சை.

"ஒரே நாளு எப்படிண்ணே ரெண்டு கலர்ல விடியும்?" என்று கேட்டது. கத்தவில்லை. நேற்றுவரை எனக்குச் சாப்பாடு போட்ட பெண். முதலாளி என் முகத்தையே பார்க்கவில்லை, கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்குக் கடை கம்பி தொங்கும் தெருவில் வளர்ந்தவன், கம்பியை மறந்தேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

சரி, கணக்கை முடிப்போம். புகார் பத்தொன்பது, பத்தொன்பதையும் தள்ளியது நான். அளவு வைத்தது மூன்று தடவை; மூன்றும் நான். சாவி கொடுத்தது நான். வேம்பு பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மறுப்பு இல்லை.

ஆனால் செத்தவர் ஆறு என்று போட்டிருக்கிறீர்கள். கண்ணையனும் நாலு பெண்களும் அந்த இடத்திலேயே போனார்கள், ஐந்து, ஒப்புக்கொள்கிறேன். ஆறாவது அந்த வளர்மதி. எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள். பேசினாளாம், கஞ்சி குடித்தாளாம். ஒன்பதாம் நாள் போனதை எல்லாம் என் பற்றில் எழுதுவது நியாயமில்லை அய்யா. ஐந்து என்று திருத்துங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.