தெளிவான படம் அனுப்பவும்

ஒரு கோப்பை பிளேன்டீ கொட்டினால் விடைத்தாளில் மை எவ்வளவு சீக்கிரம் கரையும் என்று உங்களுக்குத் தெரிய நியாயமில்லை, ஐயா. எனக்குத் தெரியும். கொட்டியவன் நான்.

வயரிங் வேலை செய்யும் பாஸ்மாருக்குச் சோதனை வைத்துச் சான்றிதழ் கொடுக்கும் எங்கள் சங்கத்தின் கல்முனைக் கிளையில் செயலாளர், முறைப்பாட்டு அலுவலர், தேநீர் போடுபவன் மூன்றும் நான்தான். கடைசி வேலையிலாவது கைதேர்ந்தவன் என்று நம்பியிருந்தேன்.

கரைந்தது இறக்காமத்து நஸீருடைய தாள். நடந்ததை மேலிடத்துக்குச் சொல்ல வெட்கமாயிருந்தது. ‘சோதனைக்கு வரவில்லை’ என்று எழுதிவிட்டேன். நஸீர் வந்து, “நல்லாத்தானே எழுதின காக்கா” என்று, அண்ணன் முறை வைத்து அழைத்துத் தலையைச் சொறிந்தான். அடுத்த சோதனைக்கு இரண்டு வருடம் இருந்தது. அலுமாரியைத் திறந்து சங்கத்தின் இலச்சினை ஸ்டிக்கர் பத்தை அவன் கையில் வைத்தேன். பச்சை வட்டம், நடுவில் மின்னல், கீழே இலக்கம். தேறியவர்கள் மட்டும்தான் தங்கள் வேலையில் ஒட்டலாம். அவன் தேறியிருப்பானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தேறியிருப்பான் என்று நினைப்பது வசதியாக இருந்தது.

எட்டு மாதம் கழித்து விநாயகபுரத்திலிருந்து மீனாம்பிகை என்றொரு பெண் கடிதம் போட்டிருந்தார். கிணற்று மோட்டருக்கு நஸீர் வயரிங் செய்திருக்கிறான். சுவிட்ச் இருக்கும் இரும்புப் பெட்டியில் கை பட்டால் சுள்ளென்று இழுக்கிறதாம். யாரும் கிட்டப் போவதில்லை, காய்ந்த தடியால்தான் சுவிட்சைத் தட்டுகிறார்களாம். பெட்டியில் உங்கள் இலச்சினை இருக்கிறது, உங்கள் ஆள் என்றால் வந்து திருத்தித் தாருங்கள் என்று கேட்டிருந்தார். படமும் வைத்திருந்தார்.

முறைப்பாட்டைப் பதிந்தால் ஸ்டிக்கர் இலக்கத்தைப் பார்ப்பார்கள். இலக்கம் என் அலுமாரிக்கு வந்து நிற்கும். ஆகவே மரியாதையாகப் பதில் எழுதினேன்: படம் தெளிவில்லை, மீண்டும் அனுப்பவும். இரண்டாவது படம் வந்தது. வட்டம் முழுதாகத் தெரியவில்லை என்று எழுதினேன். மூன்றாவதும் வந்தது. ஸ்டிக்கரில் அழுக்கு, துடைத்துவிட்டு எடுத்து அனுப்பவும் என்று எழுதினேன். இது என் தொழில்முறை. ஒன்பது வருடத்தில் நான்காவது படம் அனுப்பியவர் எவருமில்லை. மனிதர்கள் களைத்துப்போவார்கள்.

மீனாம்பிகையின் கணவர் தங்கத்துரை களைக்கவில்லை. மீன்பிடித்துவிட்டுக் கடலால் வந்த மனிதர், இடுப்பில் ஈரச் சாரத்தோடு, கையில் ஈரத் துணியோடு போய்த் துடைத்திருக்கிறார். மகள் உசாந்தினி படமெடுக்கக் கைப்பேசியோடு நின்றாளாம். அந்தப் படம் எடுபடவில்லை.

‘பாதுகாப்பாக’ என்று ஒரு சொல்லைக் கடிதத்தில் சேர்த்திருக்கலாம். அதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன்.

தங்கத்துரையின் செத்தவீடு முடியுமுன்பே நஸீரைப் பிடித்தார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் ஒவ்வொருவரிடமும் கேட்டுத் திரிந்தேன், இதில் என் பங்கு என்னவென்று. தலைவர் முகைதீன்பாவா, “அல்லாஹ்ட நாட்டம், றாஸிக், போய்ப் படு” என்றார். சங்கத்துச் சட்டத்தரணி, கடிதங்கள் வழக்குக்குத் தேவைப்படாது என்றார். மறியல் சிறையில் கம்பிவலைக்கு அப்பால் நின்று நஸீர் என்னைத் தேற்றினான். “ஒங்கட பேர நான் சொல்லல்ல காக்கா. நீங்க எனக்கு நல்லதுதானே செஞ்ச.” அன்றைக்கு வீட்டில் சோற்றைத் தள்ளிவைத்தேன். மனைவி றஹீமா, வெயில் பட்டிருக்கும் என்று தேசிக்காய்ச் சாறு கரைத்துத் தந்தாள்.

நேற்று பஸ் ஏறி விநாயகபுரம் போனேன். மீனாம்பிகை எனக்குக் கதிரை போட்டார். தேநீர் வேண்டாம் என்றேன். தேநீர் கொட்டியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். முதல் படமே தெளிவாகத்தான் இருந்தது, இலக்கத்தைக்கூட வாசிக்க முடிந்தது என்பதையும் சொன்னேன். அவர் அழுவார், ஏசுவார், விதி என்பார் என்று எதிர்பார்த்தேன். விதி என்றால் அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பேன், இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு உங்களிடமும் வந்திருக்கமாட்டேன். அவர் என் மூன்று கடிதங்களையும் எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டார். கடைசியில் நானே கேட்டேன், நான் மூன்றாவது கடிதம் போடாவிட்டால் தங்கத்துரை அந்தப் பெட்டியைத் தொட்டிருப்பாரா என்று.

“இல்ல தம்பி” என்றார் மீனாம்பிகை. “அது இழுக்கும் எண்டு அவருக்குத் தெரியும். ஒங்களுக்கும் தெரியும், நான் எழுதித்தானே போட்டன். நீங்க துடைக்கச் சொன்னதாலதான் துடைச்சவர்.”