பிரின்ஸின் இரண்டு படங்கள்

இந்த ஓவியக் கண்காட்சிக்குத் தலைமையேற்று, முழங்கால் வலியோடும் மாடிப்படி ஏறி வந்து அமர்ந்திருக்கிற ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் மகாதேவன் ஐயா அவர்களே! கடையநல்லூரிலிருந்து ஒரு வேன் நிறையத் தூரிகைத் தோழியரைத் திரட்டி வந்திருக்கிற மாஜிதா அம்மா அவர்களே! சிவகிரியிலிருந்தும் பண்பொழியிலிருந்தும் சாரலில் சட்டை நனைய வந்து சேர்ந்த சான்றோர்களே! பிள்ளையை இடுப்பிலும் பையைத் தோளிலும் சுமந்து நிற்கிற என் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் சாய்ந்து நிற்கிற தம்பிகளே! காகிதமும் இல்லாமல் வண்ணமும் இல்லாமல், கண்ணாடித் திரையில் விரல் தேய்த்து உயிர் வரையக் கற்றுக்கொண்ட இளைய ஓவியர்களே! உங்கள் அத்தனை பேரையும் இந்த வல்லிநாயகம் வணங்கி நிற்கிறேன்.

என்ன தம்பி? கேட்கவில்லையா? மழை அப்படி அடிக்கிறது, மைக் என்ன செய்யும்! கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

என்னை நீங்கள் அறிவீர்கள். தென்காசியில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருப்பவன். காது குத்துக்கும் என் கடைதான். கல்யாணத்துக்கும் என் கடைதான். கட்சிக் கூட்டத்துக்கும் என் கடைதான். கடைசியில் கண்ணீர் அஞ்சலிக்கும் என் கடைதான். இந்த வட்டாரத்தில் யார் இறந்தாலும், ஊருக்குத் தெரியும் முன் எனக்குத் தெரியும். ஒரு பாஸ்போர்ட் போட்டோவை நீட்டுவார்கள். "அண்ணாச்சி, நல்லா பெருசா வரணும், கோட்டு மாட்டி விட்டுருங்க" என்பார்கள். வாழ்ந்த காலத்தில் வேட்டிக்கு மேல் ஒரு துண்டு போட்டவருக்கு, போன பிறகு கம்ப்யூட்டரில் கோட்டு மாட்டுவோம். சிரிக்காதீர்கள். சிரிக்கிற சங்கதி அல்ல. அவருக்குக் கொடுக்காத மரியாதையை, அவர் படத்துக்காவது கொடுக்க நினைக்கிற மனது அது.

அந்தக் கோட்டு மாட்டுகிற வேலையைச் செய்து வந்தவள்தான், இதோ முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிற முத்துசெல்வி. மேலகரத்துப் பெண். பகலெல்லாம் என் கடையில் இறந்தவர்களின் முகத்தைத் துலக்குவாள். மாலையில் தன் டேப்லெட்டை எடுத்துவைத்து, இருக்கிறவர்களின் முகத்தை வரைவாள். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், மங்குஸ்தான் விற்கிற அம்மா, சுரண்டை பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர். வரைந்து இன்ஸ்டாகிராமில் போடுவாள். அதோடு ஒரு வாரச் சவாலும் நடத்தினாள். வாரந்தோறும் ஒரு சொல் கொடுப்பாள். அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் வரையலாம், அனுப்பலாம். பரிசு கிடையாது, பட்டம் கிடையாது. வந்த படங்களையெல்லாம் சேர்த்துப் போடுவாள், அவ்வளவுதான்.

அந்தச் சவாலில் ஒருவர் தவறாமல் வரைந்தார். பெயர் பிரின்ஸ். சுரண்டைப் பக்கத்துக்காரர், சவுதியில் தம்மாமில் ஏ.சி. மெக்கானிக். டேப்லெட் எல்லாம் அவருக்கு ஏது? போனில்தான் வரைவார், விரலால் வரைவார். கோடு கோணலாகப் போகும். ஆனால் பெரியோர்களே, கோணல் கோட்டில் அவர் கொண்டு வந்து வைத்ததை என்னவென்று சொல்வேன்!

'மழை' என்று சொல் கொடுத்தாள். எல்லோரும் மலையை வரைந்தார்கள், மேகத்தை வரைந்தார்கள். பிரின்ஸ் வரைந்தது என்ன? ஒரு ஏ.சி. பெட்டியின் பின்புறம். அதிலிருந்து சொட்டுகிற தண்ணீர். கீழே எழுதியிருந்தார்: "இங்கன எங்களுக்கு மழை இதுதான்."

'அருவி' என்று சொல் கொடுத்தாள். பிரின்ஸ் அனுப்பியதில் அருவியே இல்லை. வெறும் பாறை. நம்முடைய மெயின் அருவிப் பாறை, காய்ந்து கிடக்கிறது. கீழே எழுதியிருந்தார்: "எனக்கு லீவு கிடைக்கிறது சித்திரையில. நான் பார்த்த குற்றாலம் இப்படித்தான் இருக்கும்."

கை தட்டாதீர்கள். நான் அதற்குச் சொல்லவில்லை.

பிறகு 'கதவு' என்று ஒரு சொல் கொடுத்தாள். பிரின்ஸிடமிருந்து படம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. "வேலை கூடிருக்கும் அண்ணாச்சி" என்றாள் என்னிடம். அவர் முகத்தை அவள் பார்த்ததில்லை. அவர் குரலைக் கேட்டதில்லை. அவர் கோடுகளைத் தவிர அவரைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது.

ஒரு மத்தியானம் என் கடைக்கு ஒருவர் வந்தார். ஜெயசிங் என்று பெயர் சொன்னார். பாஸ்போர்ட் போட்டோவை மேஜை மேல் வைத்தார். "தம்பி தவறிட்டான். வேலை பாத்த மாடியிலேயே மயங்கி விழுந்திருக்கான். பாடி நாளைக்கு வருது. ஃபிளெக்ஸ் ஒண்ணு, வீட்டுல மாட்ட ஃபிரேம் ஒண்ணு. கோட்டு மாட்டிருங்க" என்றார்.

முத்துசெல்வி வழக்கம்போலக் கேட்டாள்: "பேரு சொல்லுங்க அண்ணாச்சி."

"பிரின்ஸ். ஊரு சுரண்டைப் பக்கம்."

அவள் விரல் கீபோர்டில் நின்றுவிட்டது. மெதுவாகக் கேட்டாள்: "அவுக படம் வரைவாகளா?"

"படமா? எந்நேரமும் போன்ல கிறுக்கிட்டுத்தான் கெடப்பான். ஏன் கேக்கிய?"

தாய்மார்களே! ஒரு மனிதரை வாரந்தோறும் அறிந்தவள், அவர் முகத்தை முதன்முதலில் எங்கே பார்க்கிறாள்? கண்ணீர் அஞ்சலிக்கு வந்த போட்டோவில் பார்க்கிறாள். அவர் பெயரை முதன்முதலில் எதற்காகத் தட்டச்சு செய்கிறாள்? தோற்றம், மறைவு என்று எழுதுவதற்காகத் தட்டச்சு செய்கிறாள். இந்தக் கொடுமை யாருக்கு வரும்? எந்த ஓவியருக்கு வரவேண்டும்?

ஃபிளெக்ஸை அடித்துக் கொடுத்தோம். ஃபிரேமுக்கு மட்டும் அவள் போட்டோவை ஒட்டவில்லை. "நானே வரைஞ்சு தாரேன்" என்றாள். அந்தச் சின்ன போட்டோவை வைத்துக்கொண்டு அவள் வரைந்த படத்தை நான் என்னவென்று வருணிப்பேன்! நேர்கொண்ட பார்வை. நெற்றியில் வெளிச்சம். வெள்ளைச் சட்டை, அதன் மேல் கருநீலக் கோட்டு. இத்தனை ஆண்டுகளில் என் கடையிலிருந்து போன படங்களில் அதைப் போல் ஒன்று போனதில்லை.

அடக்கம் முடிந்த பிறகு நானும் அவளும் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். பிரின்ஸின் மனைவி ரூபி படத்தைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜெயசிங் கையெடுத்துக் கும்பிட்டார். "ராசா மாதிரி இருக்காம்மா எந்தம்பி" என்றார். வந்திருந்த சொந்தங்களெல்லாம் அழுதார்கள்.

ஒருத்தி மட்டும் அழவில்லை. பிரின்ஸின் நாலு வயது மகள், ஷெரின். பெட்டி வீட்டுக்கு வந்தபோதும் அவள் அழவில்லையாம். பெட்டியைத் திறக்க வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம். உள்ளே யார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் படத்துக்கு முன்னால் வந்து நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இது யாரு?"

"அப்பாதான்ட்டி" என்றார் ரூபி.

"இல்ல. இது அப்பா இல்ல."

ஜெயசிங் குனிந்து, "அப்பாதாம் மக்கா. நல்லாப் பாரு" என்றார்.

"அப்பா இப்படி இருக்க மாட்டாவ" என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை உள்ளே போய், அம்மாவின் போனை எடுத்து வந்தது. திரை அணைந்திருந்தது. அதை முத்துசெல்வியிடம் காட்டி, "அப்பா இதுக்குள்ளதான் இருப்பாவ. மூக்கு பெருசா இருக்கும். மேல ஃபேன் சுத்தும்" என்றது.

கேட்டீர்களா ஐயா? கேட்டீர்களா அம்மா? அந்தப் பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை லீவில் வந்து தூக்கியவர் அவர். அதற்குப் பிறகு அவள் அறிந்த அப்பா யார்? வேலை முடிந்து வந்து, கட்டிலில் படுத்தபடி போனை நெஞ்சில் சாய்த்து வைத்துப் பேசுகிற அப்பா. தாடையும் மூக்கும் பெரிதாகத் தெரிகிற அப்பா. நெற்றி பாதி வெட்டுப்பட்ட அப்பா. தலைக்கு மேல் விசிறி சுற்றுகிற அப்பா. நாம் கொண்டுபோனது கோட்டு போட்ட ஒரு அந்நியரை!

கடைக்குத் திரும்பியதும் முத்துசெல்வி இரண்டாவது படத்தைத் தொடங்கினாள். பிள்ளை சொன்னதையும், அன்று ரூபி விவரித்ததையும் சேர்த்து வரைந்தாள். கீழிருந்து பார்க்கிற முகம். பெரிய மூக்கு. முன்னால் கொஞ்சம் தூக்கிய பல், சிரிப்பில் தெரிகிறது. அடுக்குக் கட்டிலில் மேல் கட்டிலின் இரும்பு விளிம்பு. அதற்கப்பால் விசிறியின் றெக்கைகள்.

அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனோம். ஜெயசிங்குக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன இது? செத்தவனக் கேலி பண்ணுதியளா? எந்தம்பியக் கோமாளி ஆக்கிட்டியளே! கொண்டு போங்க இத!" என்றார்.

அவரை நான் குறை சொல்லவில்லை. தம்பியைப் படிக்க வைத்தவர், அனுப்பி வைத்தவர், பெட்டியில் வந்தவரைத் தோளில் சுமந்தவர். அவருக்குத் தம்பி ராசாவாகத்தான் இருக்க வேண்டும். ரூபி மட்டும் கிட்டே வந்தார். படத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வாசல் வரை எங்கள் கூடவே வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "செவத்துல மாட்ட முடியாதுக்கா. பெரிய மச்சான் விடமாட்டாவ. எம் போனுக்கு மட்டும் அனுப்பி வைங்க."

அனுப்பினாள். அடுத்த நாள் ரூபியிடமிருந்து போன் வந்தது. பேச்சு இல்லை, பின்னால் ஒரு குழந்தையின் அழுகை மட்டும் கேட்டது. தேம்பித் தேம்பி, மூச்சு முட்டி முட்டி அழுகிற அழுகை. லைன் அறுந்துவிட்டது.

அன்றைக்கு முத்துசெல்வி டேப்லெட்டை உறையில் போட்டு மூடினாள். "அழாத பிள்ளைய அழ வச்சுட்டனே அண்ணாச்சி! அது பாட்டுக்கு வெளையாடிட்டு இருந்துச்சு. நான் எதுக்கு இந்த வேலை பாத்தேன்?" என்றாள். வாரச் சவாலை நிறுத்தினாள். சொல் கேட்டு எத்தனையோ பேர் எழுதினார்கள். அவள் யாருக்கும் பதில் எழுதவில்லை. கடையில் காலண்டர் டிசைன் செய்தாள், கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்தாள், முகம் வருகிற வேலை எதையும் தொட மறுத்தாள். சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டு போனாள். நான் மேடைகளில் இவ்வளவு பேசுகிறவன். என் கடையில், என் எதிரில் இருக்கிற பிள்ளைக்குச் சொல்ல எனக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை.

சாரல் தொடங்கிய பிறகு, ஒரு நாள் ரூபி கடைக்கு வந்தார். பிள்ளையும் கூட வந்தது. முத்துசெல்வி எழுந்து நின்றாள். "மன்னிச்சிருங்க, நான் அத வரைஞ்சிருக்கக் கூடாது" என்றாள்.

ரூபி பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் சொன்னதை, அவர் சொன்ன மாதிரியே சொல்கிறேன்.

"அக்கா, போன்ல படத்தப் பாத்த ஒடனே 'அப்பா'ன்னு கத்துனா. போனுல கன்னத்த வச்சுக்கிட்டா. என்னென்னமோ பேசுனா. பொறவு 'ஏம்மா அப்பா பேசமாட்டேங்காவ'ன்னு கேட்டா. அன்னைக்குத்தான்க்கா அவகிட்ட சொன்னேன், இனிம பேசமாட்டாவன்னு. அதுக்கு முன்ன எப்படிச் சொல்ல? யாரக் காட்டிச் சொல்ல? அவ அழுதா. நானும் அழுதேன். அவிய போனதுலருந்து அந்த வீட்டுல நான் ஒத்தையிலதாங்க்கா அழுதுட்டு கெடந்தேன். அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் சேந்து அழுதோம்."

பெரியோர்களே, நான் எத்தனையோ பேச்சு கேட்டிருக்கிறேன், எத்தனையோ பேச்சு பேசியிருக்கிறேன். இதற்கு மேல் ஒரு பேச்சு நான் கேட்டதில்லை. முத்துசெல்வி ரூபியின் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லி உங்களை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். சரியாகவில்லை. அந்த வீட்டுச் சுவரில் கோட்டு போட்ட படம்தான் தொங்குகிறது. ஜெயசிங் இன்றைக்கும் எங்களோடு பேசுவதில்லை; அழைப்பிதழை வாங்கிக்கொண்டார், வரவில்லை. வாரச் சவால் மறுபடி தொடங்கியிருக்கிறது, ஆனால் முத்துசெல்வி இன்னும் ஒரு முகம் வரையவில்லை. கேட்டால், "வரும் அண்ணாச்சி, வாரப்ப வரும்" என்கிறாள். நான் அவசரப்படுத்தவில்லை.

ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நம் ஊரில் ஒரு மனிதனின் முகம் எப்போது பெரிதாகிறது? மாப்பிள்ளையானால் பெரிதாகிறது. வேட்பாளரானால் பெரிதாகிறது. செத்தால் பெரிதாகிறது! இடையில் இருக்கிற அந்த நீண்ட நாட்களில் அந்த முகத்தை யார் பார்த்தது? இங்கே இருக்கிற தாய்மார்களில் எத்தனை பேருடைய கணவர் கடல் தாண்டி இருக்கிறார்? கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். அவரை உங்கள் பிள்ளை எப்படிப் பார்க்கிறது? எந்தக் கோணத்தில் பார்க்கிறது? வியர்வையோடா? தூக்கக் கண்ணோடா? அழகாக இல்லாத அந்த முகம்தானே அம்மா அந்தப் பிள்ளையின் அப்பா! ஓவியர்களே, மரியாதைக்கு ஒரு முகம் வரையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அன்பு எந்த முகத்தைப் பார்த்ததோ அந்த முகத்தையும் வரையுங்கள். மூக்கு பெரிதாக இருந்தால் பெரிதாக வரையுங்கள். நெற்றி வெட்டுப்பட்டால் வெட்டுப்பட்டே இருக்கட்டும். அவர் உயிரோடு இருக்கும்போதே வரையுங்கள். அவருக்கே அனுப்புங்கள். அவர் பார்த்துச் சிரிக்கட்டும்!

அந்த இரண்டாவது படம் இந்த மண்டபத்தின் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறது. மாட்டச் சொன்னவர் ரூபி. மகளோடு இங்கேதான் எங்கோ இருக்கிறார். எங்கே என்று காட்டமாட்டேன், நீங்களும் தேடாதீர்கள். கீழே இறங்கிப் படம் பார்க்கப் போகும்போது, ஒரு சின்னப் பிள்ளை அந்தப் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருக்கலாம். அழுதுகொண்டும் இருக்கலாம். தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். மிட்டாய் கொடுத்து வாயை அடைக்காதீர்கள். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். அவள் பார்த்து முடிக்கட்டும்.

மழையில் வந்து, பொறுமையாகக் கேட்டு, கை தட்ட வேண்டாமென்றதும் தட்டாமல் இருந்த உங்கள் நல்ல மனங்களுக்கு என் நன்றி. பேச இடம் தந்த தலைவருக்கு என் நன்றி. உங்கள் வீட்டு முகங்கள் எல்லாம் நலமாயிருக்கட்டும் என்று வேண்டி, வணங்கி விடைபெறுகிறேன்.