பிஸ்கட் டப்பாவுக்குள் ஒரு போன்

அழுவதற்கு வெங்காயம் உதவாது. மூக்குதான் சிவக்கும், காமிராவுக்கு அது துக்கமாகத் தெரியாது, ஜலதோஷமாகத் தெரியும். நடிப்பைப் பற்றிக் கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

நான் கார்டன், பல்லாரட் ஊர்க் கசாப்புக் கடைக்காரரின் மகன். தொலைக்காட்சித் தொடரில் டாக்டரானேன். மெல்போர்னில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவன் நான்தான். மீதிப் பாதியைக் கொன்றதும் நான்தான். விமானத்தில் யாராவது மயங்கி விழுந்தால் நிஜ டாக்டரை விட்டுவிட்டு என்னைத்தான் எழுப்புவார்கள்.

மார்லீன் தொடரில் நர்ஸ். நான் அவளைக் காதலித்தேன், தொடரிலும் வெளியிலும். வெளியில் அவளுக்கு லெஸ் என்ற கணவர் இருந்தார். அந்த வருடம் அவர் மருத்துவமனையில் கிடந்தார். "இங்க உக்காந்து என் மூஞ்சியவா பாக்கப்போறே? போய் நடி" என்று அவரே அவளை விரட்டுவாராம்.

ஒரு நாள் அவளுடைய கதைக் கணவன் ரேமண்ட் இறந்த செய்தியை நான் சொல்ல வேண்டும். எத்தனை முறை எடுத்தும் அவளுக்கு அழுகை வரவில்லை.

"மார்லீன், செல்லம், புருஷன் செத்துட்டான்," என்றார் இயக்குநர் பியர்ஸ். "நீ டிராம் வண்டியைத் தவறவிட்ட மாதிரி நிக்கிறியே."

"கார்டன் மூஞ்சியப் பாத்தா சிரிப்புதான் வருது, நான் என்னப்பா பண்ணுவேன்," என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

படப்பிடிப்பின்போது எல்லாருடைய போனும் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். மூத்தவன் என்பதால் டப்பா என் பொறுப்பு. இடைவேளையில் அவளுடைய போன் அதிர்ந்தது. எடுத்தேன்.

"லெஸ் அவங்களக் கேட்டுட்டே இருக்கார். உடனே வரச் சொல்லுங்க, ரொம்ப நேரம் தாங்காது," என்றது மருத்துவமனையிலிருந்து ஒரு பெண்குரல்.

சொல்கிறேன் என்று சொல்லி, டப்பாவை மூடினேன்.

காமிரா ஓடியது. "ரேமண்ட் போயிட்டார்" என்பதுதான் வசனம். நான் "லெஸ் போயிட்டார்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு டப்பாவைப் பார்த்தாள். கதறியபடி என் மேல் சரிந்தாள். பியர்ஸ் நிறுத்தச் சொல்லவில்லை. அப்படி ஓர் அழுகையை யாரும் நிறுத்த மாட்டார்கள். பெயரைப் பிறகு ஒலிப்பதிவில் மாற்றிக்கொண்டார்கள். நாடே அழுதது. எனக்கு விருது கிடைத்தது.

காட்சி முடிந்ததும் அவள் காதில் சொன்னேன்: "இன்னும் உயிர் இருக்கு. ஓடு."

நர்ஸ் உடுப்போடு ஓடினாள். அவள் போய்ச் சேரும்வரை லெஸ் காத்திருக்கவில்லை.

அதன்பின் அவள் என்னோடு பேசவேயில்லை. மறு ஒளிபரப்பு வரும்போதெல்லாம் பார்க்கிறேன். லெஸ் கடைசியாக அவளைக் கூப்பிட்ட நேரத்தில் அவள் என் கைகளில் இருக்கிறாள், என் சட்டையை இறுகப் பிடித்திருக்கிறாள். அதை நடிப்பு என்று யாரும் சொல்ல முடியாது.