தொழுகை வரிசையில்

கூடுவாஞ்சேரியில் சித்தாள் வேலை கிடைக்கலாம் என்று தாம்பரத்தில் ரயில் ஏறினேன். எதிரில் இரண்டு நண்பர்கள். விபூதி பூசியிருந்தவர் திடீரென்று சொன்னார்.

“உங்க அத்தாவ அடக்கம் பண்றதுக்கு முன்னாடி தொழுதீங்களே, அதுல நான் வாயே தொறக்கல.”

“நீயா? நம்பிட்டேன்.”

“கிண்டல் பண்ணாத மச்சான். அரபி ஒரு வார்த்தை தெரியாம வரிசையில நின்னுட்டேன். அவருக்கு எதனா தப்பு பண்ணிட்டனா?”

பெருங்களத்தூர் தாண்டியதும், அப்பாவைப் பறிகொடுத்திருந்த மற்றவர் அவர் பக்கம் திரும்பினார்.

“காலேஜ்ல இஸ்லாமியப் பாடம் எடுக்கறேன். இறந்தவங்களுக்காக ஓதற அந்த துவாவ வருஷா வருஷம் நடத்தறேன். அத்தா முன்னாடி நின்னப்ப ஒண்ணுமே வரல. நானும் சும்மாதான் நின்னேன். உன் தோள் என் தோள ஒட்டிக்கினு இருந்துச்சு. அதனாலதான் கீழ விழல.”