கொலிஜ் மானம்

மழை பெய்யாவிட்டால் லண்டன் கிரிக்கெட்டுக்கு அருமையான ஊர். பெய்யும் என்பதுதான் அதிலுள்ள ஒரே குறை. கோப்பையை அந்தப் பக்கம் தள்ளி வையுங்கள் பிள்ளை, உங்கள் தாள்களில் தேத்தண்ணி சிந்திவிடும். ஞாயிற்றுக்கிழமையில் நோர்பரி வரைக்கும் ரயிலில் வந்திருக்கிறீர்கள். வெறுங்கையோடு உங்களைத் திருப்பி அனுப்புவது மரியாதை இல்லை.

எழுதிக்கொள்ளுங்கள், சட்டத்தரணி தவநாயகி. பெயர் செல்வரத்தினம். தொழில் மொழிபெயர்ப்பாளன். குரோய்டன் பக்கம் அகதி விண்ணப்பக்காரர்களைப் பேட்டி காணும்போது நடுவில் உட்கார்ந்து, அவர்களின் தமிழை இங்கிலிஷாக்கிக் கொடுப்பேன். அதற்கு மேலே, எங்கள் கொலிஜின் லண்டன் பழைய மாணவர் சங்கத்துக்கு நான் செயலாளர். முதலாவது சோற்றுக்கு. இரண்டாவதுதான் என் உயிர்.

கொலிஜ் என்றதும் இங்கே வளர்ந்த உங்களுக்குப் பல்கலைக்கழகம் மாதிரி ஏதோ தோன்றும். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அப்படியல்ல. ஐந்து வயதில் அழுதுகொண்டு உள்ளே போய், மீசை முளைத்தபின் அழுதுகொண்டு வெளியே வருகிற பள்ளிக்கூடம்தான் கொலிஜ். வெளியே வந்தாலும் அது நம்மை விடாது. ஒவ்வொரு ஓகஸ்டிலும் எங்கள் கொலிஜ் பழைய மாணவர்களும் எதிர்க் கொலிஜ் பழைய மாணவர்களும் இங்கே ஒரு மைதானத்தில் மோதுவோம். வழுக்கைத் தலையும் வண்டி வயிறுமாகத்தான் பாதிப் பேர் இறங்குவார்கள். அதற்காக ஆட்டத்தைச் சின்னதாக நினைத்துவிடாதீர்கள். தோற்ற வருடத்தில் கலியாண வீடுகளில்கூட எங்களால் தலை நிமிர முடியாது.

பந்தயம் என்பது அப்போதும் இருந்தது. மரத்துக்குப் பின்னால் நின்று காசு கட்டுவார்கள். நான் பார்க்காத மாதிரி நடந்து போவேன். பிளேஸ்டோவில் யோகராஜா என்று ஒருவர் பெட்டிங் கடை வைத்திருந்தார். எங்கள் கொலிஜ்தான், எனக்குப் பல வருடம் பின்னால் படித்தவர். தொண்ணூற்றாறாம் ஆண்டு பொதுக்கூட்டத்தில் அவர் எழும்பி ஒரு யோசனை சொன்னார். எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

"அண்ணை, ஒளிச்சுக் கட்டுறதாலைதான் அடிபிடி வருது. என்னட்டை லைசென்ஸ் இருக்கு. கிரவுண்டிலை ஒரு கூடாரம் போட்டு நேர்மையா நடத்துவம். வாற லாபத்திலை கொலிஜுக்கு ஆய்வுகூடம் கட்டிக் குடுப்பம். இந்த நாட்டிலை இது சட்டப்படி நடக்கிற தொழில்தானே."

கை தட்டினார்கள். நான் பதில் சொல்ல எழும்பினேன். சட்டம் அனுமதிப்பதெல்லாம் கொலிஜுக்கு அடுக்குமா என்று கேட்டேன். காசு உள்ளே வந்தால் விளையாடுகிறவன் மனிதனாக இருக்கமாட்டான், குதிரையாகிவிடுவான் என்றேன். நாளைக்கு ஒருவன் வெல்லவேண்டும் என்பதற்காக எங்கள் ஆட்டக்காரன் ஒருவனுக்கு ஏதாவது செய்துவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டேன். நல்ல பேச்சு என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பின் வரிசையிலிருந்து யாரோ சொன்னான்: "அண்ணை, எங்கடை ஆக்களிலை அப்பிடிச் செய்யிறதுக்கு ஆர் இருக்கினம்?"

மண்டபமே சிரித்தது. யோகராஜாவும் சிரித்தார். வாக்கெடுப்பில் நான் தோற்றேன், அது பரவாயில்லை, ஜனநாயகம். அந்தச் சிரிப்பு எனக்கு நெஞ்சில் சுட்டது. ஊமத்தங்காய் விற்பவனை நம்புகிறார்கள், வேண்டாம் என்று தடுப்பவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நித்திரை வராத அளவுக்குக் கோபம் வந்தது. நான் கோபக்காரன் இல்லை, மனைவி சிவனேஸ்வரியைக் கேட்டுப் பாருங்கள். நான் சொன்னது சரி என்று அவர்களுக்கு விளங்கவேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

இனி ஜெறோமைப் பற்றிச் சொல்லவேண்டும். உங்கள் கட்சிக்காரன்.

யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பெடியன், எங்கள் கொலிஜில் படித்தவன். அகதியாக வந்து சேர்ந்த வருடத்திலேயே எங்களுக்காகப் பந்து போட வந்தான். அவனைப்போல வேகமாகப் பந்து போடுகிறவன் லண்டன் தமிழருக்குள் அப்போது இல்லை. அவன் ஓடி வருவதைப் பார்க்கும்போது எனக்கே கண் கலங்கும், பொய் சொல்லவில்லை. அவனை நம்பித்தான் அந்த வருடம் எல்லோரும் எங்கள் கொலிஜ் மீது கட்டப்போகிறார்கள் என்பது யோகராஜாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஜெறோம் இறங்கினால் வெற்றி. இறங்காவிட்டால் தோல்வி. இதைக் கணக்குப் பார்க்க லைசென்ஸ் தேவையில்லை.

அவனுடைய அகதிப் பேட்டி ஆட்டத்துக்கு முந்திய மாதம் வந்தது. நான் அன்றைக்கு மொழிபெயர்ப்பாளனாக இருந்தது தற்செயல்.

சரி, நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டீர்கள். தற்செயல் என்ற சொல் சரியில்லைத்தான். அந்த நாள் வேறொரு மொழிபெயர்ப்பாளருக்கு உரியது. அவருக்கு அன்று கோயிலில் காவடி, என் நாளை அவருக்குக் கொடுத்து அவருடைய நாளை நான் வாங்கினேன். ஒருவருக்கு உதவி செய்ததில் குற்றம் எங்கே வந்தது? விண்ணப்பக்காரனை உங்களுக்குத் தெரியுமா என்று அங்கே கேட்பார்கள். தெரியாது என்றேன். அவன் பந்து போடுவதைத்தான் பார்த்திருக்கிறேன். அவனோடு உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்றதில்லை.

என்னைக் கண்டதும் அவனுடைய முகம் மலர்ந்துவிட்டது. அதிகாரி தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது மெல்லச் சொன்னான்: "அண்ணை, நீங்களோ. கடவுளே எண்டு இருந்தனான். இனிப் பயமில்லை."

நான் தலையை ஆட்டினேன்.

அதிகாரி வெள்ளைக்காரப் பெண்மணி, நல்ல மாதிரி. எந்த ஆயுத இயக்கத்தோடும் தனக்குத் தொடர்பில்லை என்று ஜெறோம் முதலே எழுதிக் கொடுத்திருந்தான். அது உண்மையும்கூட. அவனுக்குப் பந்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. அதனால்தான் இயக்கக்காரருக்கும் அவன்மேல் சந்தேகம், ஆமிக்காரருக்கும் சந்தேகம். சண்டை திரும்பத் தொடங்கிய மாதங்களில் ஊரில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அவள் கேட்டாள். நான் கேட்டுச் சொன்னேன். அவன் யோசிக்கவேயில்லை.

"ஊரிலைதான் நிண்டனான். ஷெல் அடி இல்லாத நாளிலை கொலிஜ் கிரவுண்டிலை பெடியளோடை பயிற்சி எடுத்தனான்."

உங்கள் அம்மா அப்பா வீட்டில் பேசுகிற தமிழில் பெடியள் என்றால் என்ன, பிள்ளை? பொடியன்கள். கூட விளையாடுகிறவர்கள். அதே யாழ்ப்பாணத்தில், அதே வருடங்களில், அதே சொல்லைக் குரலைச் சற்றுத் தாழ்த்திச் சொன்னால் துவக்குத் தூக்கிய இயக்கக்காரர்கள். பயிற்சியும் அப்படித்தான். வலைக்குள் நின்று பந்து போடுவதும் பயிற்சி, காட்டுக்குள் போய் எடுப்பதும் பயிற்சி. எது எது என்று நம்மவருக்கு முகத்தைப் பார்த்தால் விளங்கும். வெள்ளைக்காரருக்கும், பெடியளை இங்கிலிஷில் 'போய்ஸ்' என்றால் அது இயக்கம்தான் என்று அந்த வேலைக்கு வரும்போதே சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

நான் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். நான் போய்ஸோடு பயிற்சி எடுத்தேன். அதில் ஒரு எழுத்து நான் கூட்டவில்லை.

குறைத்தேனா என்று கேட்கிறீர்கள். ஓம், குறைத்தேன். கொலிஜ் கிரவுண்டில் என்பதை விட்டுவிட்டேன். கொலிஜின் பெயர் அந்த அறைக்குள், அந்தத் தாளில், அப்படியான ஒரு விவகாரத்தில் எழுதப்படுவது எனக்குப் பிடிக்கவில்லை. செயலாளர் என்ற முறையில் அதைத் தடுப்பது என் கடமை.

அந்தப் பெண்மணியின் முகம் மாறியது. எந்தப் போய்ஸ் என்று கேட்டாள். "எந்தப் பெடியள் எண்டு கேக்கிறா," என்றேன். "எங்கடை பெடியள்தான்," என்றான் அவன், சிரித்துக்கொண்டு. அதையும் அப்படியே கொடுத்தேன். முடிவில் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டவேண்டும் என்பது விதி. வாசித்தேன். பெடியளோடை பயிற்சி எடுத்தனான் என்ற இடம் வந்தபோது, "ஓம், அது சரி," என்று அவனே சொல்லிக் கையெழுத்து வைத்தான். போகும்போது என் கையைப் பிடித்து நன்றி சொன்னான். அன்று அவனை வீட்டுக்கு விடவில்லை. முதலில் தொடர்பில்லை என்று எழுதினவன் இப்போது பயிற்சி எடுத்தேன் என்கிறான், ஆகவே அவன் சொல்வது எதையும் நம்ப இயலாது என்று முடிவாகிவிட்டது.

ஓகஸ்ட் ஆட்டத்தில் வெயில் எறித்தது. யோகராஜா கூடாரம் போட்டிருந்தார், வாசலில் வாழைகூடக் கட்டியிருந்தார். எங்கள் ஆட்கள் ரோசத்தில் எங்கள் கொலிஜ் மீதே கட்டினார்கள். ஜெறோம் இல்லாமல் எதிர்க் கொலிஜ்காரர் எங்களை அடித்து நொறுக்கினார்கள். நான் ஒரு மரத்தடியில் கதிரை போட்டு இருந்தேன். நெஞ்சு வலித்தது, என் கொலிஜ் அல்லவா.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் எல்லோருடைய காசும் யோகராஜாவிடம் போய்ச் சேர்ந்தது. ஜெறோமைக் காட்டிக் கொடுத்ததால் யாருக்கு லாபம் என்று சனம் யோசித்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவருடைய கடைக் கண்ணாடி உடைந்தது. மகளுக்குப் பேசி வைத்த கலியாணம் நின்றுபோனது. அடுத்த பொதுக்கூட்டத்தில் பந்தயத்தை ஏகமனதாகத் தடை செய்தார்கள். அண்ணை அண்டைக்கே சொன்னவர் என்று ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்தார்கள். எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அப்படி ஒரு நிறைவு எனக்கு வந்ததில்லை. நான் எச்சரித்தேன், அப்படியே நடந்தது.

ஜெறோமின் மனைவி இம்மாகுலேற் நிறைமாதத்தோடு இந்தக் கதிரையில்தான் வந்து இருந்தாள். "அண்ணை, நீங்கள் பக்கத்திலை இருந்தனீங்களாமே. அவர் அப்பிடி என்னதான் சொன்னவர்?" என்று கேட்டாள். என்ன சொல்வது? நுணலும் தன் வாயால் கெடும் என்றேன். ஆத்திலை போட்டாலும் அளந்து போடவேணும் பிள்ளை, சொல்லும் அப்பிடித்தான் என்றேன். அழுதாள். சிவனேஸ்வரி அவளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். அப்பீலுக்கு என்னைச் சாட்சியாக அழைத்தார்கள். அவனுடைய வாய்ச்சொல்லைத்தான் மொழிபெயர்த்தேன் என்று சத்தியம் செய்தேன். அது பொய்யில்லை என்று உங்களுக்கே தெரியும்.

அவனைத் திருப்பி அனுப்பினார்கள். கொழும்பில் இறங்கியதும், பயிற்சி எடுத்தவன் வருகிறான் என்று அரசாங்கத்து ஆட்கள் காத்து நின்றார்களாம். இப்போது எந்தச் சிறையில், எந்த நிலையில் என்று நீங்கள் சொன்னீர்கள். நகம் பற்றிச் சொன்னீர்கள். அதை நான் கேட்டிருக்க வேண்டாம். பந்து போடுகிற கை.

என் கையெழுத்து இருந்தால் வழக்கைத் திரும்பத் திறக்கலாம், அவனை மீட்க ஒரு வழி பிறக்கும் என்கிறீர்கள். நல்லது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. எழுதியதை வாசியுங்கள், கேட்கிறேன்.

ஓம், பேட்டி நாளை மாற்றி வாங்கினேன். ஓம், தெரியாது என்று சொன்னேன். ஓம், வேண்டுமென்றே கிரவுண்டை விட்டேன், அதனால் என்ன நடக்கும் என்று தெரிந்தே விட்டேன். வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரி.

அடுத்த வரியை இன்னொருமுறை வாசியுங்கள், தவநாயகி.

இது யோகராஜா உங்களிடம் சொன்னது, என்ன? எங்கள் ஆட்கள் எல்லோரும் எங்கள் கொலிஜ் மீது கட்ட, ஒரே ஒருவர்தான் எதிர்ப்பக்கம் கட்டினார் என்று. சிவனேஸ்வரியின் பெயரில் ஆள் விட்டுக் கட்டியது நான்தான், மறுக்கவில்லை. ஒரு ஆட்டக்காரனை விழுத்தி ஒருவன் காசு பார்க்கலாம் என்று நான் கூட்டத்தில் சொன்னேன். அது நடக்கும் என்று காட்ட ஒருவராவது அப்படிக் காசு பார்க்கவேண்டும் அல்லவா? கிடைத்ததை அப்படியே கொலிஜ் ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டேன்.

ஆனால் நீங்கள் அங்கே 'சூதாடினேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நான் கையெழுத்து வைக்க ஏலாது. நாளை ஒருவன் அதை வாசிப்பான். செயலாளர் செல்வரத்தினம் சூதாடி என்பான். சொல்லோடு வாழ்கிறவன் நான், ஒரு சொல் மனிதனை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். சூது என்றால் முடிவு தெரியாமல் இருக்கவேண்டும், பிள்ளை. எனக்கு முடிவு தெரியும்.

அந்தச் சொல்லை வெட்டிவிட்டுக் கொண்டு வாருங்கள். ஒன்றும் அவசரமில்லை.