மலையிலிருந்து இறங்கி வந்த சிடுமூஞ்சி ரோஜா

நான் எத்தனை நேரம் பேசினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கப்போகும் அவைத் தலைவர், பல் மருத்துவர் அம்மா அவர்களே! இந்த ரோஜா வளர்ப்போர் மன்றத்தை இடுப்பில் தூக்கி வளர்த்து, இன்று அது தோளுக்கு மேல் வளர்ந்து நிற்பதைக் கண்டு மகிழும் மூத்த உறுப்பினர்களே! முள் குத்திய விரல்களோடு கைதட்ட வந்திருக்கும் முன்னோடித் தோட்டக்காரர்களே! பூவைப் பறிக்காமலே பார்த்துப் பூரிக்கத் தெரிந்த தாய்மார்களே! அந்தத் தாய்மார்களின் நடுவே, முன்வரிசையில் அமர்ந்து, ‘மாப்பிள்ளை என்ன உளறப்போகிறாரோ’ என்று கவலையோடு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் என் அத்தை அவர்களே, அதாவது என் மனைவியைப் பெற்ற மகராசியே! அனைவரையும் வணங்கி, இதோ இந்த மேசையில் நீலக் கண்ணாடிப் புட்டியில் நிற்கும் ஒற்றை ரோஜாவையும் சேர்த்து வணங்கித் தொடங்குகிறேன்.

குளிர்நாட்டு ரோஜாவை வெயில் ஊரில் வளர்ப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். நான் யார்? மண்ணியல் படித்தவனா? மரபியல் கற்றவனா? கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். காலை முதல் மாலை வரை, சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையைக் காட்டி, “இது தெளிவா, அது தெளிவா” என்று கேட்டுப் பிழைப்பவன். எனக்குத் தெரிந்த தோட்டக்கலை இவ்வளவுதான்.

என்னய்யா அது, பின்வரிசையில்? “என்ன உரம் போட்டீங்க?” நம் உரக்கடைக்காரர் கேட்கிறார். சொல்கிறேன் அய்யா, அவசரப்படாதீர்கள். உரத்துக்கு முன்னால் உறவைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த ரோஜா மலையில் பிறந்தது. மஞ்சில் நனைந்தது. மண்ணின் குளிர் வேரைத் தொட, மாலைப் பனி இலையைத் தொட, மெல்ல மெல்ல மொட்டவிழ்ந்தது. அங்கே இதன் நிறத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! ஓரத்தில் ஆரஞ்சு, உள்ளே இளஞ்சிவப்பு, அடியில் பழுத்த மஞ்சள். அடுக்கடுக்காக இதழ், அவிழ்வதற்கே ஒரு வாரம். என் மனைவியின் அக்கா வீட்டு வாசலில் இது பூத்தால், தெருவில் போகிறவர்கள் நின்றுவிட்டுத்தான் போவார்கள். அழகு அத்தனை. ஆனால் குணம்? ஒரு நாள் தண்ணீர் கூடினால் இலை மஞ்சளாகும். ஒரு நாள் குறைந்தால் மொட்டு கருகும். தொட்டியைத் திருப்பி வைத்தால் அந்தப் பருவம் முழுவதும் பூக்காது. அதனால்தான் அந்த வீட்டில் இதற்குச் ‘சிடுமூஞ்சி’ என்று பெயர். வாசனை உண்டா என்று யாராவது கேட்டால், “அது ஒண்ணுதான் குறை. வாசனையே கிடையாது” என்று வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள்.

அந்தச் சிடுமூஞ்சியைச் சீராட்டி வளர்த்தவர் என் அத்தை. வாழ்க்கைப்பட்டு மலைக்குப் போனவர், மலையைவிட்டு இறங்கியதே இல்லை. ஆனால் மலைக்குளிர் அவரோடு ஒத்துப்போகவில்லை. வருடம் முழுவதும் மூக்கடைப்பு, சளி, இழுப்பு. இரண்டு ஆண்டுக்கு முந்தைய குளிர்காலத்தில் மூச்சு மிகவும் முட்டிப்போனது. இன்னொரு குளிர்காலம் இங்கே வேண்டாம், தாங்கமாட்டார் என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். என் சகலை, அதாவது மூத்த மாப்பிள்ளை, எனக்குத் தொலைபேசியில் அதைச் சொன்னார். ஆகவே அத்தை எங்கள் வீட்டுக்கு வருவது என்று முடிவாயிற்று.

முடிவு செய்தது நாங்கள். ஒப்புக்கொள்ள வேண்டியவர் அவரல்லவா? அத்தை ஒரு நிபந்தனை போட்டார்.

“செடியும் என்கூட வரும். அடுத்த குளிருக்குள்ள அது அங்க பூத்தா நான் அங்கயே இருக்கேன். பூக்கலேன்னா என்னைத் திரும்ப பஸ் ஏத்தி விட்டுடணும்.”

என் மனைவி சரி என்றாள். சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய் என்னிடம், “அது பூக்காட்டி எங்கம்மா பொழைக்கமாட்டாங்க” என்றாள். அவ்வளவுதான் சபையோரே! அன்றிலிருந்து ஒரு செடியின் மொட்டில் ஒரு தாயின் மூச்சு தொங்கிக்கொண்டிருந்தது.

செடி என் மடியில் ஏறி வந்தது. பேருந்து ஒவ்வொரு வளைவாக இறங்க இறங்க, ஒவ்வொரு இலையாக உதிர்ந்தது. அடிவாரம் வந்து சேர்ந்தபோது என் மடியில் இருந்தது குச்சியும் முள்ளும்தான். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததைக் கேளுங்கள்! அன்பு கண்ணை மறைத்தால் கண்ணாடிக் கடைக்காரனுக்கும் கண் தெரியாது. மலையிலிருந்து வந்தவர்கள் வாடக்கூடாது என்று, வீட்டுக்குள்ளேயே ஒரு மலையைக் கட்டினோம்! தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு. மேலே பச்சை வலை. எதிரே மேசை விசிறி. காலையும் மாலையும் மண்ணின்மேல் ஐஸ் கட்டி. அத்தைக்கும் அதே உபசாரம். ஜன்னலுக்குத் தடித்த திரை, அறைக்குள் ஏர்கூலர், வெளியே போனால் வெயில் என்று வாசலில் தடை. இந்தப் பக்கம் செடிக்கு விசிறி, அந்தப் பக்கம் மாமியாருக்கு விசிறி! மின்சாரக் கணக்கெடுக்க வந்தவர், வீட்டில் தொழிற்சாலை ஏதும் நடக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

சிரிக்கிறீர்கள். நாங்கள் சிரிக்கவில்லை. ஈரச் சாக்குக்குள் வேர் மூச்சுத் திணறியது. குச்சியின் அடி கறுத்தது. மலையில் குளிர் முடியும்போது கவாத்து செய்வது வழக்கம். அந்த வழக்கப்படியே கிளைகளை வெட்டித்தான் சகலை செடியை அனுப்பியிருந்தார். இங்கே அது கோடை தொடங்கும் நேரம். வந்த தளிரெல்லாம் வந்த வேகத்திலேயே தீய்ந்தது. அத்தையோ சாப்பாட்டைக் குறைத்தார், பேச்சைக் குறைத்தார். பேசினாலும் குறைதான். “உங்க வீட்டு சோப்பு ஏன் இப்படி நெடி அடிக்குது?” “இந்தப் போர்வை என்ன வாசம்?” “பக்கத்து வீட்டுல எண்ணெய் காயுது, தலை வலிக்குது.” செடிக்கு ஏற்ற எஜமானி என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை, எனக்கும் உயிர்மேல் ஆசை உண்டு.

ஒரு நாள் அத்தையின் மூக்குக்கண்ணாடியில் காதில் மாட்டும் கால் உடைந்தது. வேறு வழியின்றிக் கடைக்கு அழைத்துப்போனேன். வந்தது வந்தாயிற்று, பார்வையையும் சோதித்துவிடலாம் என்று நாற்காலியில் உட்காரவைத்தேன். சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டினேன். ஒரு வில்லையைப் போட்டேன். “இது தெளிவா அத்தை?” எடுத்து வேறொன்றைப் போட்டேன். “இல்லே, அது தெளிவா?” இடக்கண்ணுக்கு ஒவ்வொன்றாக, வலக்கண்ணுக்கு ஒவ்வொன்றாக. என் தொழிலில் அதுதான் முதல் பாடம். இரண்டு வில்லையை ஒன்றாக மாற்றினால், எது பார்வையைக் கொடுத்தது, எது கெடுத்தது என்று தெரியாது. உட்கார்ந்திருப்பவரைக் கேட்காமல் மாற்றினால் எதுவுமே தெரியாது.

அத்தை சட்டத்துக்குள்ளிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“கடையில ஒவ்வொண்ணா மாத்தி மாத்திக் கேக்கறீங்க மாப்பிள்ளை. வீட்டுல மட்டும் ஏன் எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திட்டு, ஒண்ணுமே கேக்காம இருக்கீங்க?”

செடியைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா? நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தச் சட்டத்தோடு எழுந்து போயிருப்பார். அன்று மாலையே ஐஸ் கட்டியை நிறுத்தினேன். அதை மட்டும்தான் நிறுத்தினேன்.

தோழர்களே, தோட்டக்காரர்களே, உங்கள் குறிப்புக்காகச் சொல்கிறேன். ஐஸை நிறுத்தி, காத்திருந்தோம். கறுப்பு மேலே ஏறாமல் நின்றது. பிறகு ஈரச் சாக்கை அவிழ்த்து, காத்திருந்தோம். பிறகு தொட்டியைப் பின்வாசலில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தோம். காலை வெயில் முகத்தில் படும், உச்சிவெயில் ஏறும்போது அடுத்த வீட்டுச் சுவர் நிழல் தரும். தண்ணீர் காலையில், வேருக்கு மட்டும். மண்ணின்மேல் காய்ந்த சருகு. முதல் மழை பெய்து வெப்பம் சற்று இறங்கியபின் இரண்டாம் கவாத்து, அதையும் லேசாக. சகலை தொலைபேசியில் பதறினார், எங்கள் ஊரில் இந்த மாதத்தில் கத்தியை எடுக்கவே மாட்டோம் என்றார். உங்கள் ஊரில் சரி, இது எங்கள் ஊர் என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக மூத்த மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசினேன்!

வீட்டுக்குள்ளும் ஒவ்வொன்றாகவே நடந்தது. முதலில் திரையை விலக்கினோம். பிறகு ஏர்கூலரை நிறுத்திப் பார்க்கலாமா என்று அத்தையையே கேட்டோம். பிறகு காலையில் தெருமுனை வரை நடை. கதவடைத்த அறையில் இருமிக்கொண்டிருந்தவர், கடைத்தெருவில் காய் பேரம் பேசத் தொடங்கினார். குறை சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை. இப்போது என் கடையில் வில்லை துடைக்கும் திரவம்கூட நெடி அடிக்கிறது என்றார்.

மொட்டு வந்தது! ஒரே ஒரு மொட்டு. என் மனைவி அதை எண்ணாத நாளில்லை. ஒன்றை எத்தனை முறை எண்ணுவாய் என்று கேட்டேன். பேசாமல் இருங்கள் என்றாள். மலையில் குளிர் இறங்கத் தொடங்கிவிட்டது என்று அக்கா சொன்ன அதே வாரம், சிடுமூஞ்சி சிரித்தது. பூத்துவிட்டது.

பூத்ததே, பிறகென்ன என்கிறீர்களா? அத்தை வந்தார். புதுக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். ஆரஞ்சு எங்கே? இளஞ்சிவப்பு எங்கே? இதோ இந்தப் புட்டியில் நீங்கள் காண்பதுபோல் வெளுத்த சந்தன நிறம். இதழ் பாதிதான். ஒரே நாளில் முழுக்க விரிந்துவிட்டது.

“இது என் செடி இல்ல மாப்பிள்ளை” என்றார். உள்ளே போய், அலமாரிமேல் இருந்த பையை இறக்கிப் புடவையை அடுக்கத் தொடங்கினார். என் மனைவி அடுக்களை வாசலில் நின்றாள். வெயிலில் நிறம் வெளுக்கும் அத்தை, செடி அதேதான் என்று எத்தனையோ சொன்னேன். அவர் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்து வெயில் ஏறிய வேளை. என்ன இருந்தாலும் மடியில் வைத்து வளர்த்தது, சொல்லிக்கொள்ளாமல் போக மனம் வருமா? பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். தண்டில் முள்ளின் அடுக்கு தன் செடியுடையதுதானா என்று கடைசியாகப் பார்த்துவிடக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. நாங்கள் பயந்துபோய் ஓடினோம்.

முகத்தைப் பூவுக்குள் வைத்தபடியே கேட்டார்:

“இதுக்கு வாசனை உண்டா?”

உண்டு சபையோரே, உண்டு! வெயில் பட்டால் எழும் வாசனை. குளிரில் இதழுக்குள்ளேயே ஒடுங்கிக் கிடந்த வாசனை. மூக்கடைத்துக் கிடந்த அத்தனை ஆண்டுகளும் அத்தை அறியாத வாசனை. சோப்பு நெடி, போர்வை வாசம் என்று அவர் சொன்னதெல்லாம் குறையா? மூக்கு திறந்துகொண்டே வந்திருக்கிறது! நாங்கள்தான் அதைக் கோபம் என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

உடனே மலைக்குத் தொலைபேசி. “நம்ம செடிக்கு வாசனை இருக்குடி” என்றார் மூத்த மகளிடம். அந்தப் பக்கத்திலிருந்து அக்கா சொன்னார்:

“தெரியும்மா. வெயில் நல்லா அடிக்கிற அன்னிக்கு இங்கயும் லேசா வரும். உனக்கு மட்டும் தெரியலேன்னா கஷ்டப்படுவேன்னு, வாசனையே கிடையாதுன்னு எல்லாரும் சொல்லிவெச்சோம்.”

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கும் தெரியுமாம். கட்டிய கணவன் என்னிடம்கூட மூச்சு விடவில்லை!

அத்தை கேட்டார்: “அப்போ எனக்காக நீங்களும் மோந்து பாக்காமயேவா இருந்தீங்க?”

தொலைபேசியை வைத்தார். அத்தை தோளிலிருந்த பையை எடுத்து என் மனைவியிடம் கொடுத்து, உள்ளே கொண்டுபோய் வை என்றார்.

அன்பார்ந்த பெருமக்களே! மலையில் நிறம் கொடுத்த செடி, வெயிலில் மணம் கொடுக்கிறது. கடற்கரையில்? துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் நம் உறுப்பினர், இதிலிருந்து ஒட்டுக்கட்டிய செடி ஒன்றை வைத்திருக்கிறார். அங்கே ஈரக்காற்றில் மொட்டு அவிழாமலே அழுகியது. காற்று வீசி ஈரம் காயும் மூலையாகப் பார்த்து மாற்றினார், இப்போது பூக்கிறது. வேறு நிறமாம், ஓரத்தில் சிவப்புக் கோடாம். அது பொய்ப் பூவா? இது போலிப் பூவா? எந்த மண்ணுக்கு வந்தாலும் பழைய மண்ணின் நிறத்தையே காட்டு என்று கேட்க நாம் யார்? இடம் மாறி வந்த செடியை, இடம் மாறி வந்த மனிதரை, ‘அங்கே இருந்ததுபோல் இரு’ என்று அதட்டாதீர்கள். ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள்! அங்கே காட்டாத ஒன்றை அது இங்கே காட்டும்; அப்போது அருகில் இருங்கள்.

உரக்கடை அய்யா, மறக்கவில்லை. நன்றாக மக்கி ஆறிய எரு, ஒரு பிடி. உங்கள் கடையில் வாங்கியதுதான், எழுந்து நின்று பெருமைப்பட்டுக்கொள்ளுங்கள்.

பல்லைக் கடிக்காமலே கேட்டிருந்த தலைவர் அம்மாவுக்கும், பொறுமை காத்த பெரியோர்க்கும், கண் கலங்கிய தாய்மார்க்கும் என் நன்றி உரியது. விடைபெறும் முன் ஒரு வேண்டுகோள். கூட்டம் முடிந்ததும் வரிசையாக மேடைக்கு வாருங்கள். பூவைத் தொடாதீர்கள், அது அத்தையின் உத்தரவு. ஆனால் யாரும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அத்தை பக்கத்திலேயே நிற்பார். அவர் பார்க்கப் பார்க்க, நெஞ்சு நிறைய மோந்து பாருங்கள். வணக்கம்.